என் செட்டு போட்ட இரைச்சல்

"அளந்து பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு" என்று நான் சொன்னது பொய். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என்று வெவ்வேறு ஊர்களில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரிடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு சிற்றூர் எங்களுடையது. பக்கத்தில் உள்ள பாலிடெக்னிக்கில் நான் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி வெகுகாலம் ஆகிறது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே சிற்றலையில் ஒருவரோடு ஒருவர் பேசலாம். ஹாம் என்றால் அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்கள் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதற்கு நெட் என்று பெயர். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது பேசுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். எல்லாரும் கடையில் வாங்கிய செட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் கல்லூரி விட்டு வந்து மாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு செட்டு கட்ட ஆரம்பித்தேன். கேட்கவும் பேசவும் இரண்டுக்கும் ஒரே பெட்டி. ஒரு மழைக்காலம் முழுக்க அதில் போயிற்று. தை மாதம், ஊரைச் சுற்றிச் சம்பா அறுவடை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், என் செட்டு முதல் தடவையாகப் பேசியது.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். ஏழு மெகாஹெர்ட்ஸில் பேசும் செட்டு ஏழில் மட்டும்தான் பேச வேண்டும். ஆனால் அதன் பாட்டுக்கு விட்டால் இரட்டிப்பான பதினாலிலும் கொஞ்சம் பேசும், மும்மடங்கான இருபத்தொன்றிலும் கொஞ்சம் பேசும். சரியாகக் கட்டாத செட்டு, கணக்கில் வராத இடங்களில்கூட உளறும். இந்த வேண்டாத சிக்னல்கள் ஏரியலுக்குப் போகாமல் தடுப்பதற்காகக் கடைசியில் ஒரு ஃபில்டர் வைப்போம். அந்த ஃபில்டருக்குள் போகும் கம்பியும் அதிலிருந்து வெளியே வரும் கம்பியும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. நெருங்கினால் சிக்னல் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தாவிப் போய்விடும். இதை வருஷா வருஷம் நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன்.

என் செட்டில் அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து வெள்ளை நூலால், பூ கட்டுவது போல, இடைவெளி பிசகாமல் கட்டியிருந்தேன். உள்ளே திறந்து போட்டோ எடுத்தால் அழகாக இருக்கும் என்பதுதான் காரணம். போட்டோ அழகாகத்தான் இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாராட்டு வந்து குவிந்தது.

கும்பகோணத்தில் இருந்து பேசுகிற ஒருவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் வேலை. அவரிடம் அனலைசர் இருந்தது. ஒரு செட்டு எங்கெங்கே என்னென்ன சிக்னல் விடுகிறது என்று திரையில் கோடு கோடாகக் காட்டும் கருவி. காற்றில் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை கொண்டுவாருங்கள், பத்து நிமிஷ வேலைதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவளுடைய செட்டை வேறொருவர் சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன். காலேஜில் அனலைசர் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று அன்று சாயங்காலமே என் பழைய கடைச் செட்டில், நெட்டில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். காலேஜில் இருந்த அனலைசர் கெட்டுப்போய் பீரோவில் கிடந்தது. நான் பார்த்தது ஒரு பழைய ஆசிலாஸ்கோப்பில். அதில் அலை பார்வைக்கு ஒழுங்காகத்தான் தெரியும். ஒளிந்திருக்கும் அழுக்கு தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு வந்த மாதங்கள் மிகவும் சந்தோஷமாகப் போயின. வெகுதூரத்தில் இருந்தெல்லாம் என் குரல் தெளிவாக இருக்கிறது என்றார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு என் செட்டின் நல்ல சிக்னல் மட்டும்தான் போய்ச் சேரும், சின்னச் சின்ன அழுக்கெல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. பங்குனியில் நெட் நடத்தும் பொறுப்பையே என்னிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அதிகமாகப் பேசியது நான்தான்.

எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பள்ளிவாசல் தெரு. அதில் செருப்புக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஹாம் உரிமம் உள்ளவர் என்பது எனக்கு முன்பே தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் நெட்டுக்கு வரமாட்டார். அவர் பேசுவது ஒரே ஒரு ஆளோடுதான், அதுவும் பதினாலு மெகாஹெர்ட்ஸில். அந்த ஆள் அவருடைய அண்ணன். இன்னும் அங்கேயே தங்கிவிட்டவர். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து உரிமம் வாங்கியிருக்கிறார்கள். போன் இருக்கும்போது இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். போனில் வீடே பேசும், மருமகள் பேசுவாள், பேரன் பிடுங்கிக்கொள்வான், இதில் நானாவும் நானும் மட்டும்தான் என்றார். நானா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன்.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் கடைக்குப் போனபோது என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சில மாதங்களாக ரேடியோவில் ஒரு இரைச்சல் வருகிறது. நானா பேசுவதே கேட்கவில்லை. தள்ளிப் போய் வேறு இடத்தில் பேசினாலும் அங்கேயும் வருகிறது. ஏரியல் கம்பியை மாற்றியாயிற்று. செட்டுக்கு வயதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

"நீங்க ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும் டீச்சர். எப்பவும் சாயங்காலம்தான் வருது."

சாயங்காலம் எனக்கு நெட் இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றேன்.

போனேன். அவருடைய மனைவி எனக்கு நாற்காலி போட்டு, டீயும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்தார். பாய் செட்டைப் போட்டார். பதினாலில் இரைச்சல் எதுவும் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார்.

"நீங்க இருக்கையில வரமாட்டேங்குது பாருங்க."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அல்லது உறைக்க வேண்டாம் என்று மனசு ஒதுங்கிக்கொண்டதோ, இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. ஒரு நிபுணரைப் போல எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்இடி பல்புகளைக் காட்டினேன், இன்வெர்ட்டரைக் காட்டினேன். பின்பக்க ஜன்னல் வழியாக வயல் தெரிந்தது. குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஒருவர் அங்கே குறுவைக்கு நாற்றங்கால் போட்டிருந்தார். ஓரத்தில் மோட்டார் கொட்டகை. சாயங்காலம் மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டேன். அஞ்சு, அஞ்சரைக்கு என்றார் பாய்.

அந்த மோட்டார் ஸ்டார்ட்டராகத்தான் இருக்கும் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

பாய் அந்தக் குத்தகைதாரரிடம் போய், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டாரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவரும் நல்ல மனிதர், அக்கம்பக்கம் என்று ஒத்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து சேராத நாட்கள் அவை. கரண்டு வரும் நேரமே குறைவு. அதில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து எட்டு நாள் பொறுத்திருக்கிறார். நாற்றங்காலில் மேட்டுப் பக்கத்து நாற்று தண்ணீர் போதாமல் மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்ததும் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். மோட்டாரை நிறுத்தியும் இரைச்சல் நிற்கவில்லை. ஆனாலும் பாய், ஸ்டார்ட்டரைச் சரியாக அணைக்கவில்லையோ என்று கேட்டுவைக்க, பேச்சு முற்றிப் போயிற்று. வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பாய் என்னிடம் போனில் சொன்னபோது நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் நடுவில் என் கணவரின் பெரியண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்காக இரண்டு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். நெட்டை வேறொருவர் நடத்தினார். இரண்டாம் நாள் காலை, கலசத் தண்ணீர் ஊற்றி முடித்து எல்லாரும் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பிராகாரத்தில் ஒதுங்கி நின்று எடுத்தேன். பாய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"டீச்சர், நேத்து சாயங்காலம் சுத்தமா இருந்துச்சு. நானா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி. மோட்டாரு ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா சத்தம் இல்ல. என்னான்னே புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் நெட் ஏழாயிரத்து எண்பத்தைந்து கிலோஹெர்ட்ஸில். இரட்டித்தால் பதினாலாயிரத்து நூற்றெழுபது. அவர்கள் பேசும் இடம் அதை ஒட்டினாற்போல. இந்தப் பெருக்கலைச் செய்ய எனக்கு அந்தப் பிராகாரம் தேவைப்பட்டிருக்கிறது. நல்லது பாய், ஊருக்கு வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மணமக்களோடு நின்று எடுத்த போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்த மறுநாள், என் கணவர் வெளியே போயிருந்த சமயம், கைபேசியில் என் குரலைப் பதிவு செய்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நூறு வரை, நிறுத்தி நிறுத்தி. அதை மைக்குக்கு முன்னால் வைத்து ஓடவிட்டு, மைக் பொத்தானில் ரப்பர் பேண்ட் சுற்றினேன். ஆள் இல்லாமல் செட்டைப் பேசவிடக் கூடாது என்பது விதி. அதையும் மீறினேன். காலேஜிலிருந்து கொண்டுவந்த சின்ன ரிசீவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வாய்க்கால் பாலத்தில் நின்று பதினாலில் வைத்தேன்.

கேட்டது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு யாரோ கொப்பளிப்பது போல ஒரு சத்தம். வார்த்தை எதுவும் புரியாது, ஆனால் நான் நிறுத்திய இடத்தில் நின்றது, நான் ஆரம்பித்த இடத்தில் ஆரம்பித்தது. பக்கத்தில் தள்ளி வைத்தேன், அங்கேயும் இருந்தது. இன்னும் தள்ளினேன், அங்கேயும். பாலத்தில் சைக்கிளில் போன மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். நான் ரிசீவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

அன்றைக்கே பாய் வீட்டுக்கு நடந்து போயிருக்கலாம். பாலத்திலிருந்து ஐந்து நிமிஷம். நான் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை. எங்கள் நெட்டின் ஆண்டுவிழா மூன்று வாரத்தில் கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் நடக்க இருந்தது. அதில் நான் என் செட்டைப் பற்றிப் பேச வேண்டும், செட்டை மேஜையில் வைத்துக் காட்ட வேண்டும். இப்போது அழுக்குச் செட்டு என்று தெரிந்தால், அளந்தேன் என்று சொன்னது என்ன ஆகும்? விழா முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை பவரைக் குறைத்துப் பேசினேன். மூன்றாம் நாள், உங்கள் சிக்னல் இறங்கிவிட்டதே என்று நெட்டில் இரண்டு பேர் கேட்டார்கள். மறுபடி ஏற்றிவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் தெரிந்தே பேசினேன். சாயங்காலம் மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் பள்ளிவாசல் தெருவில் ஒருவர் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். பேசுவதைச் சுருக்கிக்கொண்டேன். சில நாள் அதையும் மறந்தேன். பாய் இரண்டு தடவை போன் செய்தார். வகுப்பில் இருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை எடுக்கவே இல்லை.

விழா நன்றாக நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள்.

விழா முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அந்த ஸ்கேன் மெஷின்காரரிடம் போய், செட்டை ஒருதடவை உங்கள் அனலைசரில் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். இணைத்து, பொத்தானை அழுத்தினேன். திரையில் ஏழில் ஒரு உயரமான கோடு எழும்பியது. பதினாலில் அதன் முழங்கால் உயரத்துக்கு இன்னொன்று. அதைச் சுற்றிலும் கருவை முள் மாதிரி சின்னதும் பெரிதுமாகக் கோடுகள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"காலேஜ்ல அளந்தப்ப இப்படி இல்லையா மேடம்?"

"அளக்கல" என்றேன்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். என் வெள்ளை நூலைக் கத்தரித்தோம். போகும் கம்பியை ஒரு பக்கமும் வரும் கம்பியை மறு பக்கமுமாகப் பிரித்தோம். ஃபில்டரில் வரிசையாக நின்ற கம்பிச்சுருள்களை ஒன்றுக்கு ஒன்று குறுக்காகத் திருப்பி வைத்தோம். அவர் சமையலறையிலிருந்து காலி நெய் டின் ஒன்றை எடுத்துவந்து வெட்ட, அந்தத் தகரத்தைச் சுவர் போல நடுவில் நிறுத்திப் பற்றவைத்தேன். பவர் டிரான்சிஸ்டர் தானாகவே அதிர்ந்து வேண்டாத சிக்னல்களைக் கிளப்பிக்கொண்டிருந்ததுதான் அந்த முட்களுக்குக் காரணம். அதன் காலில் ஒரு சின்ன ரெசிஸ்டரும் ஃபெரைட் மணியும் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் திரையில் கோடுகள் இறங்கின. கடைசியில் ஏழில் ஒரே கோடு மட்டும் நின்றது. மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஐந்தரைக்கு எழுந்தோம். இத்தனை மாத இரைச்சலையும் தடுத்திருக்கக்கூடியது வெறும் இரண்டரை மணி நேர வேலை.

மறுநாள் பாய் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன. உள்ளே உறவுக்காரர்கள் நாலைந்து பேர். பாய் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். தாடி மழிக்காமல் வளர்ந்திருந்தது. நானாவுக்குத் தொண்டையில் புற்று. ஆனி மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. போன புதன்கிழமை அங்கேயே ஆப்பரேஷன் ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

"இனிமே பேச்சு வராதுன்னுட்டாங்க டீச்சர்."

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்தேன். கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. என் கணவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பாய் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். உங்களிடம் காட்டுவதற்காக இரைச்சலைத் தினமும் பதிவு செய்து வைத்திருந்தேன், உங்களைப் பிடிக்கவே முடியவில்லை, இப்போது வேறு ஒரு உதவி என்றார்.

"இதுல நானா குரல் இருக்கு டீச்சர். சத்தத்துக்குப் பின்னாடி. கம்ப்யூட்டர்ல போட்டு அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துட முடியுமா? குரலு மட்டும் கிடைச்சா போதும்."

அழுத்தினார். கொப்பளிக்கும் சத்தம் கூடத்தில் நிறைந்தது. என் குரல், என் மூச்சு விடும் இடங்கள். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல, ஒரு வயதான ஆணின் குரல் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது. "கேக்குதா? தம்பி, கேக்குதா?"

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பாய், அந்தச் சத்தம் நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். ஏழையும் பதினாலையும், ஃபில்டரையும் கம்பியையும். வகுப்பெடுப்பது போல இருந்தது. அதை உணர்ந்து பாதியில் நிறுத்தினேன். அவர் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பலேருந்து தெரியும்?"

இங்கே ஒரு பொய்க்கு இடம் இருந்தது. நேற்றுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், என்மேல் இரக்கம்கூடப் பட்டிருப்பார். "திருக்கடையூர்ல இருந்தப்ப நீங்க போன் பண்ணீங்களே, அன்னியிலேருந்து" என்றேன்.

அவர் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. பிறகு எழுந்தார். என் கணவரிடம் மட்டும் வர்றேங்க என்றார். படியிறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

என் கணவர் திட்டவில்லை. குத்தகைக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை வயலுக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று சொன்னேன். அவர் சேற்றுக்காலோடு நின்று முழுக்கக் கேட்டார். நாற்று பழுத்துப்போனதில் பற்றாக்குறை வந்து, பக்கத்து ஊரில் கேட்டு வாங்கி நட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அந்த பாய்கிட்டதான் மூஞ்சிய காட்டிட்டேன்" என்றார். "அவரு என்ன செய்வாரு பாவம்." கையைக் கழுவிக்கொண்டு அப்போதே பள்ளிவாசல் தெருப் பக்கம் நடந்தார். நான் வரப்பிலேயே நின்றேன்.

நெட்டிலும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அதெல்லாம் சகஜம், வீட்டில் கட்டும் செட்டு என்றால் அப்படித்தான், இதற்குப் போய் வருத்தப்படலாமா என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு அது ஒரு ஃபில்டர் பிரச்சினை. நெட் நடத்தும் பொறுப்பைக் கும்பகோணத்துக்காரரிடம் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு இப்போது நான் பேசுவதில்லை.

பாய் கடையைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் எதிர்ப்பக்கமாக நடந்தேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய மகளின் எண்ணிலிருந்து எனக்கு ஒலிப்பதிவுகள் வரத் தொடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக முப்பதுக்கும் மேல். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இரைச்சலை எடுக்கும் மென்பொருள் எதுவும் உதவவில்லை. இரண்டும் மனிதக் குரல். ஒன்றை எடுத்தால் மற்றொன்றும் சேர்ந்து போயிற்று. ஒரே வழிதான் இருந்தது. நெட்டில் நான் பேசி நிறுத்தி, அடுத்தவர் பேசும் நேரம் இருக்கிறதே, அப்போது என் செட்டு சும்மா இருக்கும். அந்த இடைவெளிகளில் அண்ணன் குரல் மட்டும் தனியாக இருந்தது. ஒரு இடத்தில் நாலு வினாடி, ஒரு இடத்தில் ஒரு நிமிஷம். அவற்றை வெட்டி எடுத்துச் சேர்க்க ஆவணி முழுக்க ஆயிற்று. தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் கொப்பளிப்பைக் கேட்டேன். எந்த நாளில் எதைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் மழை, ஏரியல் உயரம், என் செட்டு.

அண்ணன் பேசியதில் பெரிதாக எதுவும் இல்லை. கத்தரிக்காய் விலை, முழங்கால் வலி, ஊரில் யாருக்கோ கல்யாணம். ஓரிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் பேச ஆரம்பித்திருந்தேன். மிச்சம் இல்லை.

எல்லாம் சேர்த்தால் பதினொரு நிமிஷம் தேறியது. பென் டிரைவில் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பின்னாலிருந்து பாய் வந்து வாங்கிக்கொண்டார். எவ்வளவு இருக்கு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். மன்னிச்சுடுங்க பாய் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பென் டிரைவைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் அவர் அண்ணன் மறுபடி ரேடியோவுக்கு வந்திருக்கிறார். பேச முடியாது, ஆனால் உரிமத்துக்காக அந்தக் காலத்தில் படித்த மோர்ஸைக் கை மறக்கவில்லை. புள்ளியும் கோடுமாகத் தட்டுகிறார், தம்பி இங்கிருந்து தட்டுகிறார். இதை எனக்குச் சொன்னது அந்தக் குத்தகைதாரர். சாயங்காலம் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வயல்வரைக்கும் கேட்கிறதாம்.

பாய் இப்போது என்னோடு பேசுகிறார். கடைக்குப் போனால் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், அளவு பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் ரேடியோவில் ஏதாவது இரைச்சல் வந்தால், அது இடி மின்னலாகவே இருந்தாலும், முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

"டீச்சர், செட்டு போட்டிருக்கீங்களா?"

போன வாரமும் வந்தது. நான் காலேஜில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். இல்லை பாய், நான் வீட்டிலேயே இல்லை என்றேன்.

போனுக்குள் அவர் ரேடியோவின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு "சரிங்க" என்று வைத்தார்.